சிறைச்சாலை ஓரத்தில் இறங்கிய சென்னைத் தபால்

சென்னைக்கும் புனேக்கும் வான்வழி 900 கிலோமீட்டர் சொச்சம். விமானத்தில் ஒன்றே முக்கால் மணி நேரம். இந்த இரண்டு எண்களோடு பயணக் கணக்கு முடிந்துவிடுவதாக நினைக்கிறோம். பயண நேரத்தைத் தீர்மானிப்பது வானம் அல்ல, இறங்கும் தரைதான். புனேயில், கட்கியில் ஹோல்கர் பாலத்தைத் தாண்டினால் வரும் எரவாடாவே இதற்குச் சாட்சி. அந்தக் கதை கராச்சியில் தொடங்குகிறது. 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து ‘பஸ் மாத்’ என்ற குட்டி விமானத்தில் தபால் மூட்டையோடு கிளம்பினார். வழியில் ஆமதாபாத்தில் பெட்ரோல், டின் டின்னாக மாட்டுவண்டியில் வந்து சேர்ந்தது. பம்பாய் ஜுஹுவிலிருந்து விமானத்தை ஓட்டிய நெவில் வின்சென்ட், பெல்லாரியில் இரவு தங்கி மறுநாள் சென்னை சேர்ந்தார். பெல்லாரி வழியாக பம்பாய்–சென்னை சுமார் 1,040 கிலோமீட்டர். நேர்கோட்டைவிடச் சில கிலோமீட்டர்தான் அதிகம். மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் ஆறரை மணி நேர வேலை. மிச்ச நேரத்தை இருட்டு விழுங்கியது. வழிகாட்ட வானொலி கிடையாது, ராத்திரியில் பறக்க வசதியும் கிடையாது.

பகலிலாவது தரை ஒத்துழைத்ததா? ஜுஹு அப்போது கடலோரச் சேற்றுத் திடல், மழைக்காலத்தில் மூழ்கிவிடும். ஆகவே இந்த டாட்டா விமானத் தபால் சேவை, மழை வந்தால் மூட்டை முடிச்சோடு புனேவுக்குக் குடிபெயர்ந்தது. எரவாடா சிறைச்சாலையை ஒட்டிய மைதானமே விமான நிலையம். வரைபடத்தில் சென்னை நூறு கிலோமீட்டருக்கு மேல் நெருங்கி வந்தது லாபம்தான். ஆனால் பம்பாய் நகரமோ கட்கி வழியாகப் போகும் ரயிலில் 192 கிலோமீட்டர் தள்ளிப் போயிற்று. இத்தனைக்கும் விமானம் மழைக்கு அஞ்சவில்லை.

அதெல்லாம் பழங்கதை, இப்போது வேகம் ஐந்து மடங்கு, ஓடுபாதையில் விளக்கு, ரேடார் எல்லாம் உண்டே என்று கேட்கலாம். நியாயம்தான், பறக்கும் நேரம் சுருங்கியிருக்கிறது. ஆனால் வேகம் பெருகியதால் தரையின் பிடி தளர்ந்துவிடவில்லை. ஆறரை மணி நேரம் பறக்கும் பயணத்தில் தரையில் கழியும் இரண்டு மணி நேரம் சிறு பங்கு. ஒன்றே முக்கால் மணி நேரம் பறக்கும் பயணத்தில் அது மொத்த நேரத்தில் பாதிக்கும் மேல். புனேவின் லோகேகாவ் நிலையம் விமானப்படையின் தளம். பயணிகள் விமானங்கள் அதே ஓடுபாதையைப் பகிர்ந்துகொள்கின்றன. ஓடுபாதையைப் புதுப்பிக்க 2020 அக்டோபர் இறுதியிலிருந்து இரவு விமானங்கள் நின்றன. 2021 அக்டோபர் 16 முதல் 29 வரை நிலையமே மூடப்பட்டது. அந்த 14 நாளும் சென்னையிலிருந்து விமானத்தில்தான் வருவேன் என்றவர் மும்பையில் இறங்கி, கார் பிடித்து, மலையேறி வர வேண்டியிருந்தது. ரயிலில் வந்தவருக்கு வழக்கமான நேரம்தான்.