கோடரியும் சங்கிலி வாளும்: கீழ்க்கரையின் விறகு வரலாறு

மனித நாகரிகத்தின் வரலாற்றை எழுதுவோர் அரசர்களின் வாளைப் பற்றி மிகுதியாகப் பேசுவர். அடுப்புக்கு விறகு தந்த வாளைப் பற்றிப் பேசுவோர் அரியர். ஆயினும் நாடோறும் சோறு பொங்கிய வாள் பின்னையதே. கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று, திருக்கோவில் என்று தொடரும் கீழ்க்கரையூர்களின் வாழ்வை உணர விரும்புவோர், அவ்வூர்களின் வயலையும் கடலையும் பார்த்தல் போதாது. அடுக்களைக் கொல்லையில் அடுக்கி வைத்த விறகையும் பார்த்தல் வேண்டும். திருக்கோவிலை அடுத்துள்ள வினாயகபுரம் போன்ற சிற்றூர்களில் இன்று எழும் ஒரு கேள்வி, விறகு தறிக்கக் கோடரி போதுமா, சங்கிலி வாள் வேண்டுமா, வேண்டுமாயின் எத்தகையது வேண்டும் என்பதாகும். சிறிய கேள்விபோற் தோன்றினும், இதற்குப் பின்னே நெடிய வரலாறு ஒன்று உண்டு. அவ்வரலாற்றை அறிந்தோர்க்கே கைப்பொருளை வீணாக்காமல் விடை காணுதல் இயலும்.

முற்காலத்தே இக்கரையில் விறகுக்குக் குறைவில்லை. மேற்கே வயல்வெளி முடியுமிடத்திற் காடு தொடங்கியது. பாலை, முதிரை, வீரை, கருங்காலி முதலிய வைர மரங்கள் அங்கே செழித்து நின்றன. இவற்றுட் பல நீரில் இட்டால் அமிழும் கனமுடையவை. வீட்டுக்கு வேண்டிய விறகு பெரும்பாலும் தானே உலர்ந்து வீழ்ந்த கிளைகளாகவே கிடைத்தது. அதற்குக் கத்தியும் கோடரியும் போதுமாயின. பெருமரங்களைப் பலகையாக அரிதற்கு மட்டும் நீண்ட வாள் வேண்டியிருந்தது. மரத்தை உயர்த்தி வைத்து, மேலே ஒருவரும் கீழே ஒருவருமாக நின்று, இருவரும் ஒரே தாளத்தில் இழுத்து அரிந்தனர். அது இருவர் வாள். தனியொருவர் உடைமையாயினும் தனியொருவரால் ஆளப்பட முடியாத கருவி. இவ்வுண்மை பின்னர்ப் பயன்படும்.

காடு பொதுவென்று எண்ணிய காலம் மெல்ல மாறிற்று. ஆங்கில ஆட்சியில் 1907ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கக் காட்டுக் கட்டளைச் சட்டம் வந்தது. சுதந்திரத்துக்குப் பின் 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் மரம் வெட்டுதலைக் கட்டுப்படுத்தியது. பலா, ஈரப்பலா முதலிய உணவு தரும் மரங்களைத் தம் சொந்த வளவில் நிற்பினும் அனுமதியின்றித் தறித்தல் ஆகாதென்பது அச்சட்டத்தின் கருத்து. பெண் பனையும் இக்காவலுள் அடங்கிற்று. பஞ்ச காலத்திற் பலாவும் பனையும் உயிர் காத்தமையை நினைவிற் கொண்டால், இக்காவலின் நியாயம் விளங்கும்.

கட்டுப்பாடு ஒருபுறம் வளர, காட்டழிவு மறுபுறம் விரைந்தது. 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டது. பட்டிப்பளை ஆற்றுக்குக் குறுக்கே இங்கினியாகலையில் அமெரிக்க நிறுவனமான மொறிசன் நட்சன் அணை கட்டிற்று. சேனாநாயக்க சமுத்திரம் தோன்றிற்று. கோடரி தலைமுறை தலைமுறையாகத் தொட்டிராத காட்டைக் கனரக இயந்திரங்கள் சில ஆண்டுகளில் அகற்றின. நீர் பாய்ந்தது, நெல் விளைந்தது, புதிய குடியேற்றங்கள் எழுந்தன. 1961இல் அம்பாறை தனி மாவட்டமாயிற்று. ஆனால் கரையோர மக்களின் விறகுக் காடு மேற்கே வெகுதூரம் விலகிச் சென்றது. 1956இல் இலங்கையின் நிலப்பரப்பில் நூற்றுக்கு 44 பங்காக இருந்த காடு, இன்று ஏறத்தாழ நூற்றுக்கு முப்பது பங்கு என்னும் அளவிற்குச் சுருங்கிவிட்டது.

இனி, சங்கிலி வாளின் பிறப்பை நோக்குவோம். அது காட்டிற் பிறந்ததன்று. மருத்துவச் சாலையிற் பிறந்தது என்றால் வியப்பாக இருக்கும். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்கொத்லாந்து வைத்தியர்களான ஜோன் எய்ற்கின், ஜேம்ஸ் ஜெஃப்ரி ஆகியோர் எலும்பை அறுத்தற்குப் பல் பொருந்திய சிறு சங்கிலியைக் கையாண்டனர். மரத்துக்கான இயந்திரமோ இருபதாம் நூற்றாண்டிலேதான் உருப்பெற்றது. ஜேர்மனியரான அந்திரேயாசு ஸ்ரீல் 1926இல் மின்சாரத்தால் இயங்கும் சங்கிலி வாளை அமைத்தார். அதன் நிறை மிகப் பெரிது. இருவர் தூக்க வேண்டியதாயிற்று. 1927இல் எமில் லேர்ப் என்பவர் தூரிங்கியா நாட்டின் டொல்மார் மலையில் பெற்றோல் வாளைச் சோதித்தார். ஆக, பழைய இருவர் வாளின் இடத்திற் புதிய இருவர் வாள் வந்ததேயன்றி, ஒருவர் கைக்கு அடங்கும் கருவி அப்போது வரவில்லை.

ஒருவர் கைக்கு அஃது அடங்கியது 1950ஐ ஒட்டிய காலத்திலாகும். 1959இல் வெளிவந்த ஸ்ரீல் நிறுவனத்தின் ‘கொன்ரா’ என்னும் வாள் ஏறத்தாழ 12 கிலோகிராம் நிறையும் ஆறு குதிரை வலுவும் உடையது. இதனிடையே அமெரிக்காவின் ஒரெகன் மாநிலத்தில் ஜோசப் கொக்ஸ் என்னும் மரந்தறிப்பவர், மரத்தைத் துளைக்கும் புழு ஒன்று தன் தாடையை இடமும் வலமுமாக அசைத்து மரத்தை எளிதாக அரித்துச் செல்வதைக் கண்டார். அப்புழுவின் தாடையைப் போலவே சங்கிலிப் பல்லை வளைத்து அமைத்தார். 1947இல் அவர் தொடங்கிய தொழில் இன்றைய சங்கிலிகள் யாவற்றுக்கும் அடிப்படையாயிற்று. வாளின் திறமை இயந்திரத்தில் மட்டுமன்று, பல்லிலும் இருக்கிறது என்பதே இக்கதையின் கருத்து.

கீழ்க்கரையில் இத்தகைய கருவியின் தேவையை உணர்த்தியவை இயற்கையின் சீற்றங்கள். 1978 நவெம்பர் 23ஆந் திகதி வீசிய பெரும் சூறாவளி மட்டக்களப்பிலும் அதன் தென்கரையிலும் தென்னந் தோட்டங்களைச் சாய்த்தது. 2004 டிசெம்பர் 26இல் வந்த ஆழிப்பேரலை அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டு சென்றது. வீழ்ந்த மரம் வீதியை மறித்துக் கிடக்கும் வேளையில், நோயாளியைக் கொண்டு செல்வதும் உணவை ஏற்றி வருவதும் அம்மரத்தை எவ்வளவு விரைவில் அறுக்க முடியும் என்பதில் தங்கியுள்ளன.

அடுத்து வந்தது அடுப்பின் நெருக்கடி. 2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கைக் குடும்பங்களில் நூற்றுக்கு 78 வரை விறகிலேயே சமைத்தன. பின்னர் எரிவாயு நகரங்களிற் பரவிற்று. ஆனால் 2022இல் பொருளாதாரம் சரிந்தபோது, 12.5 கிலோகிராம் எரிவாயுச் சிலிண்டரின் விலை ஏப்பிரல் மாதத்தில் 4,860 ரூபாவாக உயர்ந்தது. அவ்விலைக்கும் அது கிடைத்தல் அரிதாயிற்று. மக்கள் மீண்டும் விறகடுப்பை மூட்டினர். ரூபாவின் பெறுமதி வீழ்ந்தமையால் இறக்குமதிக் கருவிகளின் விலையும் ஏறியது. விறகு வேண்டும், வாள் வேண்டும், பணமோ இல்லை என்னும் மும்முனைத் துன்பம் அவ்வாறு எழுந்தது.

இந்நிலையிற் கணக்கிட்டுப் பார்த்தல் அறிவுடைமை. நாளொன்றுக்கு நான்கு கிலோகிராம் எரிக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 1,460 கிலோகிராம் விறகு வேண்டும். நல்ல சங்கிலி வாள் ஒன்று இவ்வளவையும் ஓரிரு நாளில் துண்டமாக்கிவிடும். ஆண்டின் எஞ்சிய நாளெல்லாம் அது மூலையில் உறங்கும். இரண்டு நாள் வேலைக்காகப் பல மாத வருமானத்தை முடக்குதல் தகுமா? அயலிலுள்ள நான்கைந்து வீட்டார் பங்கிட்டு ஒரு வாளை வாங்குதலும், அல்லது வாள் வைத்திருக்கும் தொழிலாளியைக் கூலிக்கு அழைத்தலும் முறையாகத் தோன்றும். இருவர் வாள் பிடித்த முன்னோரின் கூட்டுமுறை இங்கே புதிய வடிவில் மீளும். கல்முனைக் கடற்கரைப் பள்ளியின் கந்தூரிக்கும் கோயில் அன்னதானத்துக்கும் பலர் சேர்ந்து விறகு சேர்க்கும் ஊர்களுக்கு இக்கூட்டுறவு அந்நியமானதன்று.

வாங்கியே தீரவேண்டும் என்போர், முதலிற் பெரிய எண்ணிலே மயங்காதிருத்தல் வேண்டும். வீட்டு விறகுக்கு 35 முதல் 45 கனசென்ரிமீற்றர் இயந்திரமும், 14 அல்லது 16 அங்குலத் தகடும் போதும். சந்தையில் மலிவாக வரும் சில வாள்களில் 52 என்றும் 58 என்றும் பொறிக்கப்பட்டிருக்கும். பொறித்த எண் வேறு, மரத்திற் காட்டும் வலு வேறு. உதிரிப்பாகம் கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ கிடைக்குமா, பழுது பார்ப்பவர் உளரா என்பவையே முதற் கேள்விகள். மின்சார வாள் விலை குறைந்தது, பராமரிப்பும் எளிது. ஆயின் அது நீண்ட கம்பிக்குக் கட்டுப்பட்டது. 2022 மார்ச் முடிவில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்சாரம் நின்றமையை மறத்தலாகாது.

பழைய வாளை மாற்ற எண்ணுவோர் இன்னொன்றையும் சோதித்தல் நன்று. வாள் மரத்திற் செல்ல மறுத்தால் இயந்திரம் கெட்டதென்று பலர் முடிவு செய்வர். கொட்டுவது மெல்லிய தூளாயின் பல் மழுங்கியது. பூவாய் உதிரும் சிறு செதிலாயின் பல் கூர்மையானது. கடற்கரை மணல் படிந்த மரமும், புறத்தே வைரமும் அகத்தே மென்மையும் உடைய தென்னங்குற்றியும் பல்லை விரைவில் மழுக்கும். ஆகவே மணலைத் தட்டித் துடைத்த பின்னரே வாளை வைத்தல் வேண்டும். ஒரு வட்ட அரமும் ஒரு புதுச் சங்கிலியும் புது இயந்திரத்தின் செலவைப் பலமுறை தவிர்த்துவிடும். இரண்டடிப்பு இயந்திரத்துக்குப் பெற்றோலுடன் எண்ணெய் கலக்கும் அளவை உற்பத்தியாளர் நூலிற் பார்த்தல் வேண்டும். ஐம்பதுக்கு ஒன்று என்று அந்நூல் கூறின், லீற்றருக்கு 20 மில்லிலீற்றர். நெடுநாள் பயன்படுத்தாவிடின் எரிபொருளை வடித்து வைத்தல் நன்று.

எல்லாவற்றிலும் மேலானது உயிர்க்காப்பு. தகட்டின் நுனியில் மேற்பகுதி மரத்திற் பட்டால் வாள் கணப்பொழுதில் அறுப்பவன் முகத்தை நோக்கித் துள்ளும். இதனைத் தடுக்கும் சங்கிலித் தடை 1970களிற் பரவலாயிற்று. அத்தடை இல்லாத பழைய வாள் எவ்வளவு மலிவாயினும் அதனை வாங்குதல் ஆகாது. கையிலுள்ள பணத்தில் ஒரு பகுதியைக் கண்ணாடி, செவிக்காப்பு, காற்கவசம், நல்ல பாதணி ஆகியவற்றுக்கு ஒதுக்குதல் வேண்டும். உழைக்கும் ஒருவரின் காலை நம்பி ஒரு குடும்பமே வாழும் ஊர்களில் இது ஆடம்பரமன்று. தனியே நின்று அறுத்தலும் தகாது. கூப்பிடு தூரத்தில் ஒருவர் இருத்தல் வேண்டும்.

வாள் வாங்குமுன் சட்டத்தையும் விசாரித்தறிதல் கடமை. 2019 யூன் மாதத்தில் அன்றைய சனாதிபதி மைத்திரிபால சிறிசேன சங்கிலி வாள் இறக்குமதியைத் தடைசெய்வதாக அறிவித்தார். காடழிவைத் தடுத்தலே அதற்குக் கூறப்பட்ட காரணம். விதிகள் காலந்தோறும் மாறுவனவாதலால், பதிவும் அனுமதியும் பற்றிப் பொலிசு நிலையத்திலும் பிரதேச செயலகத்திலும் கேட்டுத் தெளிதல் நன்று. காட்டிற் புகுந்து பாலையையும் முதிரையையும் தறிப்பவன் கையில் இவ்வாள் பகைவனாகும். வளவில் வீழ்ந்த கிளையையும், காய்ப்பு ஓய்ந்த தென்னையையும், நட்டு வளர்த்த சவுக்கையும் அறுப்பவன் கையில் அதுவே நண்பனாகும்.

இறுதியாக, வாள் குற்றியைத் துண்டமாக்குமேயன்றிப் பிளக்காது. பிளத்தற்கு ஆப்பும் கோடரியும் இன்றும் வேண்டும். பச்சை மரத்தின் நிறையில் ஏறத்தாழப் பாதி நீர். அதை எரித்தாற் புகைதான் மிஞ்சும், அடுப்பூதும் பெண்களின் கண்ணும் மார்பும் வருந்தும். வாடைமழை இக்கரையில் ஒக்டோபருக்குப் பின் வருவதால், மாசி, பங்குனி வெயிலிலேயே தறித்து, பிளந்து, காற்றோட்டமாக அடுக்கி, மேலே மூடி வைத்தல் முறை. இவ்வாறு உலர்ந்த விறகு குறைந்த அளவிலேயே நிறைந்த வெப்பம் தரும். விறகு குறைந்தாற் செலவு குறையும், அறுக்கும் வேலை குறையும், காடும் சிறிது பிழைக்கும். ஆதலால் சிறு பணமுடையோர் முதலிற் செய்ய வேண்டியது விறகை உலர்த்தக் கற்றலாம். அடுத்து, இருக்கும் வாளைத் தீட்டக் கற்றலாம். அதன் பின்னும் வேண்டுமாயின், அயலவரோடு கூடி அளவான வாளொன்றை வாங்கலாம்.