பரம்பரையும் பதிவேடும்: மலையகத்திலிருந்து ‘காவல் கோட்டம்’

வரலாற்று நாவலின் வடிவத்தை ஆசிரியரின் கற்பனை மட்டும் தீர்மானிப்பதில்லை. அந்நாவல் எந்த மக்களைப் பற்றியதோ, அம்மக்களுக்கும் நிலத்துக்கும் உள்ள உறவும் அதனைத் தீர்மானிக்கின்றது. 2008இல் வெளிவந்து 2011ஆம் ஆண்டுக்கான சாகித்திய அக்காதெமிப் பரிசைப் பெற்ற சு. வெங்கடேசனின் ‘காவல் கோட்டம்’ நாவலை ஹற்றன், நுவரெலியாத் தோட்டங்களின் வரலாற்றோடு வைத்து நோக்கும்போது இது புலனாகும்.

மாலிக் கபூரின் மதுரைப் படையெடுப்பிலிருந்து ஆங்கிலேயர் ஆட்சிக்காலம் வரை சுமார் அறுநூறு ஆண்டுகளை அந்நாவல் தழுவிச் செல்கிறது. அதற்குத் தனித் தலைவன் இல்லை. வால்டர் ஸ்கொட்டின் நாவல்களை ஆராய்ந்த லூக்காச், வரலாற்றின் இருபக்கங்களையும் இணைக்கும் நடுத்தரத் தலைவனைச் சிறப்பித்துக் கூறினார். அத்தகைய தலைவனும் இங்கில்லை. மன்னர்கள் வந்து மறைகின்றனர், நிலைத்திருப்பது தாதனூர். காவலில் கணவனை இழந்த கருவுற்ற சடச்சியின் வழிவந்தோரே அதன் மக்கள். ஆகவே கதையைத் தாங்கும் எலும்புக்கூடு பரம்பரையே எனலாம்.

இவ்வடிவத்தை மலையகத்துக்கு அப்படியே கொண்டுவர இயலுமா?

நாவல் சித்திரிக்கும் தாது வருடப் பஞ்சம் 1876–78இல் தென்னாட்டை வாட்டியது. அதற்கு முன்னும் பின்னும் வறுமையால் துரத்தப்பட்டோர் கடல் கடந்து, மன்னாரிலிருந்து காட்டுவழியாக மாத்தளைக்கு நடந்து கண்டிச் சீமையை அடைந்தனர். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழிக்க, தேயிலை அதனிடத்தைப் பிடித்தது. ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க நிலையான உழைப்பு தேவைப்பட்டதால் குடும்பங்கள் லயங்களில் தங்கின. நிலமோ அவர்களுடையதன்று. உறவும் சாதியும்கூட அவர்களுக்கு வெறும் அரணாக இருக்கவில்லை. கங்காணி அவற்றின் வழியாகவே ஆள்சேர்த்தான். 1921இல் ஒழிக்கப்படும்வரை துண்டு முறை கடனோடு சேர்த்துத் தொழிலாளியைத் தோட்டத்துக்குத் தோட்டம் மாற்றியது. இங்கு பரம்பரை சுரண்டலின் கருவியுமாயிற்று.

இரு கரைகளிலும் அரசு பதிவேட்டுடன் வந்தது. குற்றப்பரம்பரைச் சட்டம் தாதனூர் போன்ற ஊர்களின் மக்களைப் பிறப்பினாலேயே குற்றவாளிகளாகக் கருதிக் கைரேகை பெற்றது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத்தானிடம் தந்தை, அல்லது பாட்டனும் பூட்டனும், இலங்கையில் பிறந்தமைக்குச் சான்று கேட்டது. அங்கே பரம்பரை இருந்தது குற்றம். இங்கே பரம்பரையை நிறுவ முடியாதது குற்றம். 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் நிலை பின்னைய பேச்சுவார்த்தைக்கு விடப்பட்டது. எஞ்சியிருந்த நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது.

எனவே, பரம்பரையை எலும்புக்கூடாகக் கொள்ளும் மலையக நாவல், அரசு கேட்ட அதே சான்றைத் தானும் தேடுவதாக முடியும். உழைப்பினால் காட்டை நாடாக்கியவனின் உரிமைக்குப் பாட்டனின் பிறப்புச் சான்று எதற்கு? ‘காவல் கோட்ட’த்திடமிருந்து நாம் கற்கவேண்டியது அதன் வம்சத் தொடர்ச்சியையன்று, தனித் தலைவனைத் துறந்து ஒரு மக்கள் கூட்டத்தையே கதைத் தலைமையாக்கிய துணிவையே. அக்கூட்டம் இங்கு லயமாகவும் பிரட்டுக் களமாகவும் வேலைநிறுத்தமாகவும் அமையும். செக்றோலில் பெயராக மட்டும் எஞ்சியவர்களை மனிதர்களாக மீட்பது அத்தகைய நாவலின் கடமையாகும்.