ஜெர்ட்ரூட் எலியன்: கலாநிதிப் படிப்பை முடிக்காத விஞ்ஞானி

1940களின் நடுப்பகுதி. நியூயோர்க்கில் ஓர் இளம் பெண் பகல் முழுக்க ஆய்வுகூடத்தில் வேலை செய்வார். வேலை முடிய நீண்ட தூரம் பயணம் செய்து, புரூக்ளினில் இரவு வகுப்புக்குப் போவார். கலாநிதிப் பட்டம் எடுக்க வேண்டும் எண்டது அவரது ஆசை. சில வருசம் இப்படியே ஓடியது. ஒருநாள் பீடாதிபதி கூப்பிட்டு, இனிப் பகுதிநேரமாகப் படிக்க ஏலாது, வேலையை விட்டிட்டு முழுநேரமாக வரவேண்டும் எண்டு சொல்லிவிட்டார்.

அவர் வேலையை விடவில்லை. பட்டத்தை விட்டார்.

ஜெர்ட்ரூட் எலியன் 1918இல் பிறந்தவர். 15 வயதில், தாத்தா வயிற்றுப் புற்றுநோயால் வதைபட்டு இறந்ததைப் பார்த்துத்தான் இரசாயனவியல் படிக்க முடிவெடுத்தார். 1929 பொருளாதார வீழ்ச்சியில் அப்பா சொத்தெல்லாம் இழந்திருந்தார். ஹன்டர் கல்லூரியில் கட்டணம் இல்லாததால்தான் படிக்க முடிந்தது. 1937இல் நல்ல பெறுபேற்றோடு வெளியே வந்தும், மேற்படிப்புக்கு உதவித்தொகை ஒன்றும் கிடைக்கவில்லை. ஆண்கள் வேலை செய்யும் ஆய்வுகூடத்தில் ஒரு பெண் இருந்தால் அவர்களின் கவனம் சிதறும் எண்டுகூட ஒரு நேர்முகத் தேர்வில் சொன்னார்கள். கொஞ்சக் காலம் சம்பளம் இல்லாமலே ஆய்வுகூடத்தில் நின்றார். முதுமாணிப் பட்டத்தை 1941இல் எப்படியோ முடித்தார். அதே வருசம், அவர் கல்யாணம் செய்யவிருந்தவர் இதயத்தில் ஏற்பட்ட பக்டீரியாத் தொற்றால் இறந்துபோனார். சில வருசங்களில் பென்சிலின் பரவலாக வந்தது. கொஞ்சம் முந்தி வந்திருந்தால் அவர் பிழைத்திருக்கலாம். எலியன் கடைசிவரை கல்யாணம் செய்யவில்லை.

பிறகு ஒரு உணவுக் கம்பனியில் ஊறுகாயின் புளிப்பைச் சோதிக்கும் வேலை! யுத்தத்துக்கு ஆண்கள் போனதால் ஆய்வுகூடங்களில் இடம் காலியானது. அப்படித்தான் 1944இல் பரோஸ் வெல்கம் மருந்துக் கம்பனியில் ஜோர்ஜ் ஹிச்சிங்ஸுக்கு உதவியாளராகச் சேர்ந்தார்.

அந்தக் காலத்தில் புது மருந்து கண்டுபிடிப்பது பெரும்பாலும் இருட்டில் கல்லெறிவது மாதிரி. ஆயிரம் பொருட்களைச் சோதித்து ஒன்று வேலை செய்தால் அதிர்ஷ்டம். இவர்கள் இருவரும் வேறு விதமாக யோசித்தார்கள். எந்தக் கலமும் பெருக வேண்டுமென்றால் டி.என்.ஏ. வேண்டும். டி.என்.ஏ. கட்டுவதற்குப் பியூரின்கள் எண்ட கற்கள் வேண்டும். வேகமாகப் பெருகும் புற்றுநோய்க் கலத்துக்கு, அசல் மாதிரியே இருக்கும் ஒரு போலிக் கல்லைக் கொடுத்தால்?

எலியன் ஒரு பியூரினில் ஒட்சிசன் இருந்த இடத்தில் கந்தகத்தை வைத்தார். அதுதான் 6-மேர்கப்டோபியூரின். சில மாதங்களில் இறந்துபோகும் எண்டு கருதப்பட்ட இரத்தப் புற்றுநோய்ப் பிள்ளைகள் இதனால் எழும்பி நடந்தார்கள். 1953இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆனால் சந்தோசம் நீடிக்கவில்லை. கொஞ்சக் காலத்தில் நோய் திரும்பி வந்தது. வேறு மருந்துகளோடு சேர்த்துக் கொடுக்கத் தொடங்கிய பிறகுதான், பெரும்பாலான பிள்ளைகள் குணமாகும் நிலை படிப்படியாக வந்தது.

எலியன் அதோடு நிற்கவில்லை. உடம்பு இந்த மருந்தை என்ன செய்கிறது எண்டு கேட்டுக்கொண்டே போனார். ஒவ்வொரு கேள்வியும் அடுத்த மருந்தைக் கொண்டுவந்தது. 6-மேர்கப்டோபியூரினை மாற்றிச் செய்த அசதையோபிரின், மாற்றிப் பொருத்திய சிறுநீரகத்தை உடம்பு நிராகரிக்காமல் தடுத்தது. 6-மேர்கப்டோபியூரினைச் சிதைக்கும் நொதியத்தை மறிக்கச் செய்த அலோபியூரினோல், யூரிக் அமிலத்தையும் குறைத்தது. கவுட் நோயாளிகளுக்கு அது பெரிய ஆறுதல். 1970களில் அவரது குழுவிடமிருந்து வந்தது அசைக்ளோவிர். ஹேர்பீஸ் வைரஸின் சொந்த நொதியம்தான் அதை முடுக்கிவிடும். அதனால் வைரஸ் தொற்றாத கலங்களுக்குப் பாதிப்பு மிகக் குறைவு. வைரஸைக் கொல்லப் போனால் உடம்பையும் கெடுக்க வேண்டிவரும் எண்ட நம்பிக்கையை இந்த மருந்து ஆட்டிவிட்டது.

1983இல் அவர் ஓய்வு பெற்றார். அவர் வளர்த்த குழுவே பிறகு, ஏ.இசட்.ரி. எயிட்ஸ் வைரஸுக்கு எதிராக வேலை செய்யும் எண்டு காட்டியதில் முக்கிய பங்கெடுத்தது. தனி மருந்துகளைவிட, இந்த யோசிக்கும் முறைதான் அவர் விட்டுச்சென்ற பெரிய சொத்து எண்டு எனக்குப் படுகிறது.

1988இல் ஹிச்சிங்ஸ், ஜேம்ஸ் பிளக் ஆகியோரோடு நோபல் பரிசு கிடைத்தது. அடுத்த வருசம், அன்று அவர் படிப்பை இடையில் விட்ட அதே புரூக்ளின் நிறுவனம் அவருக்குக் கௌரவ கலாநிதிப் பட்டம் கொடுத்தது. அவருக்கு அப்போது வயது 71.