எண்ணும் படமும்

வரலாறு என்றதும் கல்வெட்டும் செப்பேடுமே நம் நினைவுக்கு வருகின்றன. குடிசன மதிப்பீட்டு அறிக்கையும் நிலப்படமும் அத்தகைய சான்றுகள்தாம். ஒன்று எத்தனை பேர் என்கிறது. மற்றது எங்கே என்கிறது. இரண்டையும் பொருத்திப் பார்த்தால் ஊரின் வாழ்க்கைமுறை துலங்கும்.

மட்டக்களப்பின் படத்தை விரித்துப் பாருங்கள், நேயர்களே. நடுவே வாவி, அதனுள் புளியந்தீவு. கிழக்கே கடலுக்கும் வாவிக்கும் இடையில் ஒடுங்கிய எழுவான்கரை. மேற்கே வயல் விரிந்த படுவான்கரை. ஊர்தோறும் சனத்தொகையைக் குறித்தால் படுவான்கரை அடர்த்தி குறைந்ததாகத் தெரியும். எழுவான்கரைக் காத்தான்குடியோ நாட்டின் மிக நெரிசலான ஊர்களுள் ஒன்று.

ஏன் இந்த நெரிசல்? நிலம் குறுகியது என்பது ஒரு காரணம். மற்றது அறிக்கையில் இல்லை. இங்கே மகளுக்குச் சீதனமாக வீடு கொடுப்பார்கள். மாப்பிள்ளை பெண்வீட்டோடு வந்து சேர்வார். பெண்மக்கள் பலரானால் ஒரு வளவு பலவாகும். இவ்வழக்கமும் தாய்வழிக் குடிமுறையும் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொது. குடிசன மதிப்பீட்டில் இனத்துக்கு நிரல் உண்டு, ‘குடி’க்கு இல்லை. படத்தில் இரு நிறமாகப் பிரியும் ஊர்கள் வீடு வைக்கும் முறையில் ஒன்றே என்பதை எண் சொல்லாது.

எல்லையையும் கவனிக்க வேண்டும். 1961இல் அம்பாறை தனி மாவட்டமாயிற்று. ஆகவே 1953இன் மட்டக்களப்பும் 1963இன் மட்டக்களப்பும் ஒன்றல்ல.

இவற்றிலும் பெரிய இடர் ஒன்றுண்டு. 1981இல் இம்மாவட்டத்தில் 330,333 பேர். 1991இல் மதிப்பீடே நடக்கவில்லை. 2001இல் போர் காரணமாக இங்கு அது முழுமை பெறவில்லை. 2007இல் ஒரு விசேட கணக்கெடுப்பு நடந்தது. முழுமையான மதிப்பீடு 2012இல்தான். அப்போது தொகை 525,000ஐத் தாண்டியிருந்தது. இரு எண்களையும் ஒரு கோட்டால் இணைத்தால் சீரான வளர்ச்சி தோன்றும். 1990இல் இடம்பெயர்ந்தோரும், உயிரிழந்தோரும், கடல் கடந்தோரும் அந்தக் கோட்டில் இல்லை.

2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை நாவலடியை அழித்தபோது, மாவட்டம் முழுவதற்குமான மதிப்பீடு 23 ஆண்டு பழையதாயிருந்தது. வாக்காளர் இடாப்பில் தேடலாம். அதில் குழந்தைகளின் பெயர் இராது.

2024இல் மீண்டும் குடிசன மதிப்பீடு நடந்தது. நம் மாணவர்கள் தத்தம் ஊர்ப் படத்தில் புதிய எண்ணைக் குறிக்கட்டும். அருகே 1981இன் எண்ணையும் குறிக்கட்டும். எண் கிடைக்காத ஆண்டுகளுக்கு ஊகித்து நிறம் தீட்ட வேண்டாம். அந்த வெற்றிடமும் எமது வரலாற்றின் ஒரு பக்கமே.