சின்னதுரைக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தது யார்?

கேமரன் மலையின் வடக்குப் பக்கத்தில் இருக்கிறது கம்போங் ராஜா. பக்கத்திலேயே புளூ வேலி தேயிலைத் தோட்டம். 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தோட்டத்தைத் தொடங்கிய காலத்திலிருந்து இந்த மலையில் தேயிலை வளர்கிறது. தோட்ட வழக்கில் மேனேஜர் ‘பெரிய துரை’, துணை மேனேஜர் ‘சின்னதுரை’. அந்தச் சின்னதுரை எப்படி மேனேஜர் ஆனார்?

கப்பலேறி வந்த வெள்ளைக்கார இளைஞருக்குத் தொழிலும் தெரியாது, ஆட்களையும் தெரியாது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் இப்படித் தொழில் பழகியவர்களை ‘கிரீப்பர்’ என்பார்கள். சிலர் பணம் கட்டியே பழகினார்கள். விடியற்காலைப் பெரட்டில் நிற்பதும் வேலைக்காட்டைச் சுற்றி வருவதும்தான் பாடம். அதற்குத் தமிழ் வேண்டுமே! 19ஆம் நூற்றாண்டில் கொழும்பில் சின்னதுரைகளுக்காக ஒரு கையடக்கத் தமிழ் வழிகாட்டி அச்சானது. அதன் பெயரே ‘இங்கே வா’. மலாயாவில் 1919இல் உருவான துரைமார் சங்கம், இன்கார்ப்பரேட்டட் சொசைட்டி ஆஃப் பிளாண்டர்ஸ், தமிழில் தேர்வே நடத்தியது.

புத்தகத்தில் கிடைத்தது ஏவல் மொழி. எந்தச் சரிவில் கொழுந்து முற்றுகிறது, யாருக்கு உடம்பு சரியில்லை, எந்த லயத்தில் சண்டை என்பதெல்லாம் கங்காணிக்கும் மண்டோருக்கும்தான் தெரியும். அவர்களிடம் கேட்டுக் கேட்டுத்தான் சின்னதுரை தேறினார். பிறகு அவர் பெரிய துரையாகிப் பங்களாவுக்குப் போனார். சொல்லிக் கொடுத்தவரோ பெரட்டுக் களத்திலேயே நின்றார். அவருக்கென்று பயிற்சியும் இல்லை, தேர்வும் இல்லை, மேலே போக வழியும் இல்லை.

1923 தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்றது. பல இடங்களில் கிராணியோ கங்காணியோதான் வாத்தியார். அந்த எழுத்தறிவு பின்னால் கைகொடுத்தது. 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது; பி. பி. நாராயணன் அதன் பொதுச் செயலாளர். கூட்டம் நடத்த, குறிப்பு எழுத, துரையிடம் உட்கார்ந்து பேசத் தொழிலாளர்கள் பழகியது சங்கத்தில்தான். நாராயணனே 1975இல் உலகத் தொழிற்சங்கக் கூட்டமைப்பு ஒன்றுக்குத் தலைவரானார்.

வகுப்பில் ஏவல் வினை நடத்தும்போது இந்த வரலாற்றைச் சொல்லலாம். ‘வா’, ‘வாங்க’, ‘வர்றீங்களா?’ மூன்றையும் பலகையில் எழுதுங்கள். ஒரு குழுத் தலைவர் எதை, யாரிடம் சொல்லலாம், ஏன் என்று மாணவர்களையே பேச விடுங்கள். மாதம் ஒரு மாணவரைக் குழுத் தலைவராக்கி, மாத முடிவில் அடுத்தவருக்கு அவரே வேலையைச் சொல்லிக் கொடுக்கட்டும்.