வாரன்டி முடியும் முன்பே கூலிங் பாகங்கள் பழுதா? கார் உரிமையாளர்கள் என்ன செய்யலாம்?

சேலத்திலிருந்து தருமபுரி வரும்போது, தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் டெம்பரேச்சர் முள் எகிறினால் "மலை ஏத்தம், அப்படித்தான்"னு பலர் விட்டுவிடுகிறார்கள். ஆனால் நல்ல நிலையில் உள்ள கார் இந்த ஏற்றத்தில் ஓவர்ஹீட் ஆகக் கூடாது.

எது பழுதாகிறது?

இன்ஜின் சூட்டை ரேடியேட்டருக்குக் கொண்டு போவது கூலன்ட். அதைச் சுற்ற வைப்பது வாட்டர் பம்ப். சூட்டுக்கு ஏற்ப வழிவிடுவது தெர்மோஸ்டாட். இவற்றில் ஒன்று போனாலும் ஹெட் கேஸ்கெட் வரை செலவு வைக்கும். முள் ஏறினால் வண்டியை ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்துங்க. சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது.

யார் பொறுப்பு?

இங்கேதான் தகராறு. போர் தண்ணீர் ஊற்றினால் உப்பு படிந்து ரேடியேட்டர் அடைத்துக்கொள்ளும். அதைக் காரணம் காட்டி வாரன்டியை மறுக்கலாம். அதனால் கூலன்ட் மாற்றிய பில், சர்வீஸ் ஜாப் கார்டு எல்லாத்தையும் பத்திரமா வையுங்க. வாரன்டி மறுத்தால், காரணத்தை எழுத்தில் கேளுங்க.

எங்கே புகார் செய்வது?

முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி, ஷோரூம் வெளியூரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 2 ஆண்டுக்குள் போட வேண்டும். காருக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை.

பழுதான பாகத்தை ஆய்வகத்துக்கு அனுப்ப ஆணையம் உத்தரவிடலாம். எனவே சொந்தச் செலவில் மாற்றினால், பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிக்கோங்க. அதுதான் முக்கிய சாட்சி.