கொல்லிமலைச் சூழல் பாதுகாப்பு

கொல்லிமலை என்பது தமிழ்நாட்டின் நாமக்கல் மாவட்டத்தில், கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் அமைந்துள்ள ஒரு மலைத்தொகுதி ஆகும். இது ஏறத்தாழ 1000 முதல் 1300 மீட்டர் உயரமும் சுமார் 280 சதுர கிலோமீட்டர் பரப்பும் கொண்டது. இங்குள்ள 14 ஊராட்சிகளின் பெயர்களும் 'நாடு' என்றே முடியும். பைல் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு என்பன அவற்றுட் சில. மக்களுட் பெரும்பான்மையோர் மலையாளி எனப்படும் பழங்குடியினர். பெயர் ஒன்றாயினும் இவர்கள் கேரளத்து மலையாளிகள் அல்லர். இவர்களது தாய்மொழி தமிழ்.

காப்பு முறைகள்

1986 இல் அறிவிக்கப்பட்ட நீலகிரி உயிர்க்கோளக் காப்பகம் போன்ற பெரிய அமைப்போ, தனிச் சரணாலயமோ கொல்லிமலைக்கு இல்லை. 1882 ஆம் ஆண்டுச் சென்னை வனச் சட்டத்தின் வழிவந்த காப்புக்காடுகளே இங்கு முதன்மையானவை. 1990களில் வனத்துறை ஒரு பகுதியை மூலிகைப் பாதுகாப்புப் பகுதியாக ஒதுக்கியது. மூலிகைகளை அவை இயல்பாக வளரும் இடத்திலேயே காப்பது இதன் நோக்கம்.

கோவில் காடுகள்

இவை அரசு வகுத்த எல்லைகள் அல்ல. ஊர்த் தெய்வத்துக்குரியவை எனக் கருதி மக்கள் மரம் வெட்டாது விட்ட சிறு காடுகளாகும். சுற்றிலும் நிலம் வயலாக மாறிய பின்னும் பழைய சோலை மரங்கள் இவற்றில் எஞ்சியுள்ளன. ஓடைகளின் தலைப்பகுதியில் உள்ள காடுகள் மழைநீரை மண்ணில் இறக்குகின்றன. ஆகாய கங்கை அருவியாக வீழும் ஐயாறு திருச்சிராப்பள்ளி மாவட்டத்துச் சமவெளியை அடைவதால், மலைமேற் காடு அழிந்தால் இழப்பு மலையோடு நிற்காது.

அச்சுறுத்தல்கள்

சேலம் வட்டார சவ்வரிசி ஆலைகளின் தேவையால் மரவள்ளிச் சாகுபடி பரவி, சாமை, தினை, பனிவரகு ஆகியன குறைந்தன. மரவள்ளி பணம் தந்தது. உழவரைக் குறை கூறுவது முறையன்று. மேலும், சாமையை உமி நீக்கிக் குத்தும் கடும் உழைப்பு முழுவதும் பெண்கள் மீதே விழுந்தது. இதனை உணர்ந்த எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், விதை வங்கிகளுடன் ஊர்களில் அரைவை இயந்திரங்களையும் அமைத்தது. அறிவுரையை விட இயந்திரமே பயன் தந்திருக்கும் என்று கருதலாம்.

மேட்டூர் அலுமினிய ஆலைக்காக நடைபெற்ற பாக்சைட்டு அகழ்வு, சுற்றுச்சூழல் அனுமதி குறித்த வழக்கை அடுத்து 2008 இல் நின்றது.

சட்ட வாய்ப்பு

2002 ஆம் ஆண்டு உயிரியற் பல்வகைமைச் சட்டத்தின்படி மாநில அரசு ஓரிடத்தைப் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கலாம். தமிழ்நாட்டில் முதலாவதாக மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டி 2022 இல் அறிவிக்கப்பட்டது. 2025 இல் இத்தகுதி பெற்ற திண்டுக்கல் மாவட்டத்துக் காசம்பட்டி, சுமார் 5 எக்டேர் பரப்பே உடைய ஒரு கோவில் காடு ஆகும்.